ஏஜென்ட் ‘வேண்டாம்’ என்று எழுதினால் என்ன செய்வது?

தோசையைத் திருப்பப் போகும்போது போன் சிணுங்கியது. ராத்திரி ஒன்பதரை. எழுத்தாளருக்காகப் பதிப்பகத்திடம் பேசி நாவலை விற்றுத்தரும் ஏஜென்ட் ஒருவரின் மின்னஞ்சல். திரையில் முதல் வரி மட்டும் தெரிந்தது: நாவலை அனுப்பியதற்கு நன்றி, ஆனால்... மீதியைத் திறந்து பார்க்கவே வேண்டாம். தோசை கருகியதுதான் மிச்சம்.

நியூயார்க்கில் அலுவலகம் திறக்கும்போது நமக்குச் சாயங்காலம் ஆகிவிடும், அதனால் அங்கிருந்து வரும் மறுப்பெல்லாம் நாம் சாப்பிடும்போதோ தூங்கப் போகும்போதோதான் வந்து விழும். ஆகவே முதல் வேலையாக, நாவல் அனுப்புவதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்குங்கள். அதைப் போனில் ஏற்றாதீர்கள். காலையில் காபி குடித்துவிட்டுக் கணினியில் பார்த்தால் போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, நேரே பதிப்பகத்துக்கே கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் எழுதி லண்டனிலோ நியூயார்க்கிலோ பெரிய பதிப்பகத்தில் போட ஆசைப்பட்டால்தான் ஏஜென்ட் இல்லாமல் கதவு திறப்பது கஷ்டம்.

சரி, மறுப்பு வந்துவிட்டது. அது எந்தக் கட்டத்தில் வந்தது என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். க்வெரி கடிதத்தையும் (நாவலை அறிமுகப்படுத்தி ஏஜென்டுக்கு எழுதும் கடிதம்) முதல் சில பக்கங்களையும் பார்த்ததுமே வேண்டாம் என்றால் உங்கள் நாவலை யாரும் நிராகரிக்கவில்லை, அதை இன்னும் யாரும் படிக்கவே இல்லை. கடிதத்தில்தான் கோளாறு, அல்லது தொடக்கத்தில். முழுப் பிரதியையும் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு மறுத்தால் கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது, உள்ளே எங்கோ தொய்வு இருக்கிறது என்று அர்த்தம். ‘நடுவில் வேகம் குறைகிறது’ என்று ஒருவர் எழுதினால் முறைத்துக்கொண்டு விட்டுவிடலாம், இருவர் அதையே எழுதினால் உட்கார்ந்து திருத்துங்கள். ‘மனம் ஒன்றவில்லை’, ‘என் பட்டியலுக்குப் பொருந்தாது’ போன்ற வரிகளைத் துருவித் துருவிப் படிக்காதீர்கள், எல்லாருக்கும் போகிற அச்சுக் கடிதம் அது (நான் ஒன்றை மூன்று நாள் ஆராய்ந்தேன், வெட்கக்கேடு).

இதனால்தான் ஒரே நாளில் ஐம்பது பேருக்கு அனுப்பக் கூடாது என்கிறேன். ஏழெட்டுப் பேருக்கு அனுப்பி, எக்ஸெல்லில் பெயர், தேதி, என்ன அனுப்பினோம், என்ன பதில் என்று குறித்துவையுங்கள். ஏழு பேரில் ஒருவர்கூட மேற்கொண்டு பக்கம் கேட்கவில்லையென்றால் கடிதத்தை மாற்றிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம், ஐம்பதும் போய்விட்டால் மாற்றி என்ன பயன்? பலர் பதிலே போட மாட்டார்கள். அவர்கள் தளத்தில் எத்தனை வாரம் என்று போட்டிருந்தால் அது கழிந்ததும் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு நகருங்கள்.

‘த ஹெல்ப்’ நாவலை 60 ஏஜென்டுகள் மறுத்தார்கள், 61ஆவது ஆள் எடுத்தார் என்று அதை எழுதிய கேத்ரின் ஸ்டாக்கெட்டின் கதையைச் சொல்லி யாராவது தேற்றுவார்கள். உண்மைதான். ஆனால் மறுப்பு வந்துகொண்டிருந்த மூன்றரை வருஷமும் ஸ்டாக்கெட் பிரதியைத் திருத்திக்கொண்டே இருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

மறுப்புக்குப் பதில் எழுதாதீர்கள். ‘ஏன் சார்?’ என்றுகூட வேண்டாம். நேரம் எடுத்துக் குறிப்பு எழுதியவருக்கு மட்டும் ஒரு வரி நன்றி. புலம்ப ஆசையாக இருந்தால் அம்மாவிடம் புலம்பலாம், ‘அவங்களுக்குக் குடுத்துவைக்கல’ என்பார், கேட்க நன்றாக இருக்கும். ஊர் முழுக்கச் சொல்லிவைத்தால் கல்யாண வீட்டில் எல்லாம் ‘புக் என்னாச்சு?’ என்று பிடித்துக்கொள்வார்கள்.

வரிசையாக அடி வாங்கி மனம் தளர்ந்திருக்கும்போதுதான் ‘உங்கள் நாவல் பிரமாதம், படிக்க இவ்வளவு கட்டணம்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். ஒழுங்கான ஏஜென்ட் படிப்பதற்குக் காசு கேட்க மாட்டார், புத்தகம் விற்ற பிறகு வருகிற பணத்தில் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். அந்த மின்னஞ்சலை எக்ஸெல்லில்கூட ஏற்ற வேண்டாம்.