மகள் சோற்றைத் துப்பிக்கொண்டே இருந்தாள், எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான்

மகளுக்கு 6 மாதம் முடிந்ததும் சோறு தொடங்கினோம். விக்கிவிடுமோ என்ற பயத்தில் சோற்றையும் பருப்பையும் பிளெண்டரில் அடித்து, கஞ்சித்தண்ணி மாதிரி ஊட்டினேன். பத்து நாளாக ஒரே கதை: வாயில் வைத்ததும் நாக்கால் வெளியே தள்ளுவாள், நான் குசினியில் போய் நின்று அழுவேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, தண்ணியாய் ஓடுது? கரண்டியைச் சரிச்சாலும் சட்டென்று விழக்கூடாது" என்றார். இவ்வளவு தண்ணியில் சத்து எங்கே இருக்கும், சின்ன வயிறு அதிலேயே நிரம்பிவிடுமே என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றோடு பிளெண்டரை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். குழையக் காய்ச்சிய சோற்றைக் கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, கொஞ்சம் தாய்ப்பால் விட்டு, அவள் நித்திரை முழித்துச் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில், நிமிர்த்தி இருத்தி, இரண்டு மூன்று தேக்கரண்டி மட்டும். துப்பினால் கட்டாயப்படுத்துவதில்லை, அடுத்த நாள் திரும்பக் கொடுப்பேன். பால் குடித்தே பழகிய நாக்கு அப்படித்தான் தள்ளும், அது வெறுப்பு இல்லை. ஐந்தாம் நாள் விழுங்கினாள்!

அப்புறம் பருப்பு, பூசணி, வத்தாளங்கிழங்கு, ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில். இரும்புச்சத்துக்காக முள் எடுத்த மீன், நன்றாக அவித்த முட்டை, ஈரல் எல்லாம் தள்ளிப்போடாமல் சேர்த்தோம். மலம் இறுகியபோது பப்பாசிப்பழம் உதவியது. அம்மம்மா தேன் தடவக் கேட்டார். 1 வயதுவரை தேன் கூடவே கூடாது, அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.