ஆட்டிசம் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு? கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்று அறிய முனைவோர், முதலில் சிறப்புப் பள்ளியின் பெயர்ப் பட்டியலைத்தான் கேட்கிறார்கள். அது யாருக்கு இடம் கிடைத்தது என்பதை மட்டுமே சொல்லும். இடத்துக்குக் காத்திருப்போரும், சாதாரணப் பள்ளியில் 'அடங்காத பிள்ளை' என்று பெயர் வாங்கியோரும், வீட்டோடு இருப்போரும் அதில் இல்லை. மேற்கு கேப் மாகாணத்தில் பள்ளிப் பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோது கிடைத்தது 0.08 சதவீதம். தென்கொரியாவின் கோயாங் நகரில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகளிலும் தேடிப் பரிசோதித்த ஆய்வு, 2011இல் 2.64 சதவீதம் என்றது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சாதாரணப் பள்ளியில், அதுவரை யாரும் கண்டறியாமல் இருந்தவர்கள். இவ்வளவு பெரிய இடைவெளிக்குத் தேடிய விதமே முக்கியக் காரணம்.

கோயிலிலும் வார இறுதித் தமிழ் வகுப்பிலும் படிவம் கொடுப்பது எளிது. ஆனால் காவடித் திருவிழாவின் கூட்டமும் மேளச் சத்தமும் தாங்காத பிள்ளையை வைத்திருக்கும் குடும்பம் அங்கே வராது. நாம் தேடும் குடும்பமே விடுபட்டுப்போகும். எல்லை, வயது, தேதி மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அந்த எல்லைக்குள் வீடுவீடாகவோ எல்லாப் பள்ளிகள் வழியாகவோ செல்லுங்கள். 1,000 படிவம் கொடுத்து 600 திரும்பினால், மீதி 400 குடும்பங்களில் சிலரையாவது நேரில் பாருங்கள். கவலை உள்ள பெற்றோர்தான் அதிகம் பதில் தந்தார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

அதிகம் சறுக்குவது வடிகட்டும் கேள்வித்தாளில். ஆட்டிசம் இருக்கக்கூடுமா என்று பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் கேள்வித்தாளின் திருத்திய வடிவம் 20 கேள்விகள் கொண்டது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. அதை எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயன்படுத்தக் கூடாது. கேள்வித்தாளில் சிக்கிய எண்ணிக்கையை அப்படியே விகிதமாக அறிவிப்பதும் தவறு. 1,000 பேரில் உண்மையில் 10 பேருக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கொள்வோம். ஆட்டிசம் இல்லாத 990 பேரில் 5 சதவீதத்தை அது தவறாகச் சுட்டினாலே ஏறக்குறைய 50 பேர் சேர்ந்துவிடுவார்கள். சிக்கியோர் அனைவரையும் பயிற்சி பெற்ற நிபுணர் நேரில் மதிப்பிட வேண்டும். சிக்காதவர்களிலும் பத்தில் ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுத்து மதிப்பிடுங்கள். அங்கே ஒருவர் கிடைத்தால் அவரைப் பத்துப் பேராகக் கணக்கிட வேண்டும். இந்தப் படியைத்தான் செலவைக் காட்டிப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் கணக்கு குறைத்தே காட்டும்.

பெரியவர்களின் கண்ணை நேருக்கு நேர் பார்க்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளையிடம் கண் பார்வைக் கேள்வியை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசத்தை உண்டாக்காது. பாட்டி தமிழ் பேசுவதால்தான் பேச்சு தாமதம் என்று பிள்ளையைப் பட்டியலிலிருந்து நீக்கவும் கூடாது. அமைதியாக இருக்கும் பெண் பிள்ளைகள் எளிதில் விடுபடுவார்கள். ஆசிரியரிடம் அவர்களைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

200 பேரைப் பார்த்துவிட்டு 'எங்கள் பகுதியில் இல்லை' என்று சொல்லிவிட முடியாது. உண்மை விகிதம் 1 சதவீதமாக இருந்தாலும், 200 பேரில் ஒருவர்கூட அகப்படாமல் போகும் வாய்ப்பு சுமார் 13 சதவீதம். 1,000 பேரில் 10 பேர் கிடைத்தாலும், உண்மை ஏறக்குறைய 5க்கும் 18க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அந்த வீச்சையும் சேர்த்தே வெளியிடுங்கள். அமெரிக்காவின் '31இல் ஒருவர்' என்பது 2022இல் குறிப்பிட்ட சில பகுதிகளின் 8 வயதுப் பிள்ளைகளுக்கு உரியது. உலக சுகாதார நிறுவனத்தின் '127இல் ஒருவர்' எல்லா வயதினருக்குமானது. இரண்டில் எதையும் ஊர் மக்கள்தொகையோடு பெருக்கி உள்ளூர்க் கணக்கு என்று சொல்லக் கூடாது.

தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா, பிள்ளைகளின் விவரங்களுக்கும் உடல்நல விவரங்களுக்கும் கூடுதல் காப்பு தருகிறது. பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலையும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் முதலிலேயே பெறுங்கள். தெருவாரியாகப் பிரித்து 'இங்கே இருவர்' என்று அச்சிட்டால் அக்கம்பக்கத்தார் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஐந்துக்குக் குறைவான எண்களைப் பக்கத்துத் தெருக்களோடு சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுங்கள்.