வொர்க்ஸ்டேஷனுக்கு உதவி தேடும்போது சிப்செட் பெயரில் தேடுங்கள்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வொர்க்ஸ்டேஷனுக்கு (கனமான வேலைகளுக்கான கம்ப்யூட்டர்) உதவி கேட்கப் பயனர் குழு தேடும்போது மாடல் பெயரோடு நிற்காமல், சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் மதர்போர்டு சிப்) பெயரையும் போட்டுத் தேடுங்கள். எச்பி இசட்440, டெல் பிரிசிஷன் டி5810, லெனோவோ திங்க்ஸ்டேஷன் பி500 மூன்றும் வேறு வேறு கம்பெனி, ஆனால் உள்ளே இருப்பது ஒரே இன்டெல் சி612 சிப்செட்தான். எந்த ஜியான் ப்ராசஸர் பொருந்தும், எந்த டிடிஆர்4 ராம் ஏற்கும் என்பதில் ஒருவர் பட்ட அனுபவம் மற்ற இருவருக்கும் பெரும்பாலும் உதவும். கேட்க ஆள் மூன்று மடங்கு கிடைத்த மாதிரி. சிப்செட் பெயர் தெரியாதா? லினக்ஸில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுங்கள். சி610/எக்ஸ்99 என்று காட்டினால் இந்தக் குடும்பம்தான்.

ஆனால் பவர் சப்ளை, மதர்போர்டு கனெக்டர், ஃபேன், பயாஸ் அப்டேட் என்றால் இந்த வழி வேண்டாம். அவற்றை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வடிவமைத்திருக்கிறது. டெல்காரர் சொன்னதை நம்பி எச்பியில் பவர் சப்ளை மாற்றினால் போர்டே போய்விடலாம். அங்கே உங்கள் மாடலையே வைத்திருப்பவரிடம் மட்டும் கேளுங்கள்.