லிஃப்ட் போடறதுக்கு முன்னாடி அளவெடுங்க, எத்தனை இன்ச்சுங்கறது கடைசியா வரட்டும்

ஆஃப்ரோடு வண்டி கைக்கு வந்ததும் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "எத்தனை இன்ச் லிஃப்ட் போடலாம்"ங்கறதுதான், அதாவது சஸ்பென்ஷன மாத்தி வண்டிய எவ்வளவு உயர்த்தலாம்னு. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், 4 இன்ச்சுன்னு முடிவு பண்ணிட்டு காயில் ஸ்பிரிங் வாங்கி மாட்டிட்டேன், அப்புறம் பாத்தா ரோட்டுல ஸ்டீயரிங் நேரா நிக்க மாட்டேங்குது, 70 கிமீ வேகத்துல அடியில இருந்து ஒரு அதிர்வு, வளைவுல திரும்பினா வீட்டுக்காரங்க கதவு கைப்பிடிய பிடிச்சுக்கறாங்க. ஒரு வருஷம் கழிச்சு எல்லாத்தையும் கழட்டி, பேப்பரும் டேப்பும் எடுத்துட்டு உக்காந்து அளந்து, 2 இன்ச்சுக்கு இறங்கி வந்தேன். முன்ன ஏறாத மேட்டுல எல்லாம் இப்ப ஏறுது. அதனால இந்த வரிசைய கொஞ்சம் பொறுமையா படிங்க, இதுல இன்ச் கணக்கு நடுவுலதான் வரும், அதுவும் தானா வரும்.

முதல்ல முடிவு பண்ண வேண்டியது டயர். ஏன்னா சஸ்பென்ஷன் லிஃப்ட் பாடியையும் சேசிஸையும்தான் தூக்குது, ரெண்டு வீலுக்கும் நடுவுல போற ஆக்ஸில் ஹவுசிங் இருக்கற இடத்துலயேதான் இருக்கும். கல்லுல இடிக்கறது பெரும்பாலும் அதுக்கு நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல் (ரெண்டு வீலுக்கும் சக்திய பிரிக்கற கியர்) உருண்டைதான், அத தூக்கறது டயர் மட்டும்தான், டயரோட விட்டம் எவ்வளவு கூடுதோ அதுல பாதி. 235/70R16 டயர் எடுத்துக்கங்க, 235ல 70 சதவீதம் 164.5, ரெண்டு பக்கமும் சேத்தா 329, அதோட 16 இன்ச் ரிம்முக்கு 406.4, மொத்தம் 735 மிமீ, கிட்டத்தட்ட 29 இன்ச். 265/70R17 அதே கணக்குல 803 மிமீ, 31.6 இன்ச். வித்தியாசம் 68, டிஃபரன்ஷியல் மேல ஏறறது 34 மிமீ. நீங்க போற பாதைக்கு இது போதுமான்னு யோசிங்க. மணல், சேறு, காட்டு பாதைன்னா பெரும்பாலும் போதும், பெரிய பாறையில ஏறணும்னா இன்னும் வேணும், ஆனா டயர் பெருசாக பெருசாக ஆக்ஸில் ஷாஃப்ட்டு, பிரேக்கு, கியர் ரேஷியோ எல்லாத்துலயும் பாரம் ஏறும்.

டயர் முடிவாச்சுன்னா இப்ப வண்டி எப்படி நிக்குதுன்னு அளக்கணும். சமமான தரை, டேங்க் நிறைய எண்ணெய், வழக்கமா எடுத்துட்டு போற சாமான் எல்லாம் உள்ள. வீல் நடு மையத்துல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு மூலையிலயும் அளந்து எழுதி வைங்க. தரையில இருந்து அளக்காதீங்க, காத்து அழுத்தமும் டயர் தேய்மானமும் அதுல கலந்துடும். முடிஞ்சா எடை மேடைக்கு கொண்டு போய் முன் ஆக்ஸில் தனியா பின் ஆக்ஸில் தனியா எடை போடுங்க, ஸ்பிரிங் தேர்வுக்கு இத விட உதவற தகவல் வேற இல்ல.

இப்ப விஷயத்தோட மையத்துக்கு வரேன், இத புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம். ஒரே வீல் பெரிய கல்லு மேல ஏறி சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது டயர் எங்க போய் நிக்குதுங்கறத லிஃப்ட் ஸ்பிரிங் மாத்தாது. 2 இன்ச் போட்டாலும் 5 இன்ச் போட்டாலும் முழுசா அமுங்கினா டயர் அதே இடத்துக்குத்தான் வரும், அந்த இடத்த தீர்மானிக்கறது பம்ப் ஸ்டாப், அதாவது ஆக்ஸில் அதுக்கு மேல ஏறாம தடுக்கற ரப்பர் கட்டை. பெரிய டயர் போட்டு லிஃப்ட்டும் போட்டுட்டு, அப்புறமும் டயர் ஃபெண்டர்ல உரசுதேன்னு குழம்பறவங்க எல்லாரும் இந்த எடத்துலதான் தடுக்கி நிக்கறாங்க.

அதனால செய்ய வேண்டியது இது. வண்டிய சேசிஸ்ல ஸ்டாண்ட் வெச்சு தூக்குங்க, ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போகவே கூடாது, காயில கழட்டும்போது அழுத்தம் முழுசா போயிடுச்சான்னு பாத்துட்டு கழட்டுங்க. ஸ்பிரிங் இல்லாம, புது சைஸ் டயர ஒண்ணாவது கடன் வாங்கி மாட்டி, ஜாக்கியால ஆக்ஸில மெதுவா மேல ஏத்துங்க. ஒரு பக்கம் மட்டும் ஏத்தி பாருங்க, ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி பாருங்க, எங்க முதல்ல உரசுதுன்னு சாக்பீஸ்ல குறி போடுங்க. உரசற இடத்துக்கு ஒரு விரல் முன்னாடி பம்ப் ஸ்டாப் பிடிச்சுக்கணும், அதுக்கு பம்ப் ஸ்டாப்ப எவ்வளவு கீழ இறக்கணும்னு அளந்துக்கங்க. ஃபெண்டர் உள் விளிம்ப வெட்டியோ மடக்கியோ விட்டா அந்த அளவு குறையும், நான் வெட்டறதுக்குத்தான் ஓட்டு போடுவேன், ஏன்னா வண்டி உயரம் ஏறாமயே டயருக்கு இடம் கிடைக்குது.

இப்ப கணக்கு. வண்டி நிக்கற நிலையில இருந்து முழுசா அமுங்கற வரைக்கும் இப்ப 80 மிமீ இடம் இருக்குன்னு வைங்க. பம்ப் ஸ்டாப்ப 35 இறக்கணும். புதுசுல அந்த அமுங்கற இடம், அதாவது மேல் பயணம், 95 வேணும்னு ஆசை. 35ம் 95ம் 130, அதுல 80 போனா 50 மிமீ. அதான் உங்க லிஃப்ட், 2 இன்ச்.

ஷாக் அப்சார்பரும் இதே அளவுல இருந்துதான் வரும். ஆக்ஸில் முழுசா அமுங்கின நிலையில ஷாக்கோட மேல் மவுண்ட்டுக்கும் கீழ் மவுண்ட்டுக்கும் நடுவுல 350 மிமீ இருந்தா, அமுங்கின நீளம் 330 இல்ல அதுக்கும் குறைவா இருக்கற ஷாக் வேணும், அந்த 20 மிமீ பாதுகாப்பு. பம்ப் ஸ்டாப் பிடிக்கறதுக்கு முன்னாடி ஷாக் உள்ள முட்டினா மவுண்ட் பிச்சுக்கும், இல்லன்னா ஷாக் தண்டு வளையும். அந்த ஷாக் விரிஞ்ச நீளம் 540னு இருந்தா, வண்டி நிக்கும்போது 350ம் 95ம் சேந்து 445, கீழ இறங்கறதுக்கு மிச்சம் 95. மேலயும் கீழயும் சமமா கிடைக்குது, எல்லா வேலைக்கும் இது நல்ல பங்கீடு. ஷாக் சாய்ஞ்சு நிக்கற வண்டியில ஆக்ஸில் நகர்றத விட ஷாக் கம்மியா நகரும், அதனால கணக்க நம்பாம அந்தந்த நிலையில வெச்சு டேப்லயே அளந்துடுங்க. முழுசா கீழ தொங்கற நிலையிலயும் ஒரு தடவை பாக்கணும்: காயில் தன் இருக்கைய விட்டு கழண்டு ஆடுதா, பிரேக் ஹோஸ் இழுபடுதா, ஏபிஎஸ் வயர், டிஃபரன்ஷியல் மூச்சு குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாம் தளர்வா இருக்கா, ஆக்ஸிலுக்கு சக்திய கொண்டு போற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோட ஸ்லிப் பல்லு (ஷாஃப்ட் நீள, குறைய விடற வழுக்கு பகுதி) போதுமான அளவு உள்ள இருக்கா. ஹோஸ்தான் ஆக்ஸில பிடிச்சு நிறுத்துதுன்னா அந்த வண்டிய ரோட்டுல எடுக்காதீங்க.

ஸ்பிரிங் வாங்கும்போது "50 மிமீ லிஃப்ட்"னு பெட்டியில எழுதியிருக்கறது ஒரு குறிப்பிட்ட எடைக்குத்தான். முன்னாடி இரும்பு பம்பரும் வின்ச்சும் போட்டு 90 கிலோ ஏத்தினா, ஒரு ஸ்பிரிங்குக்கு 45 கிலோ, அதாவது 441 நியூட்டன், ஸ்பிரிங் ரேட் 30 நியூட்டன்/மிமீன்னா சுமார் 15 மிமீ கீழ உக்காந்துடும், 50 வாங்கினா 35தான் கிடைக்கும். உண்மையில இன்னும் கொஞ்சம் கூடவே உக்காரும், ஏன்னா பம்பர் முன் ஆக்ஸிலுக்கும் முன்னால தொங்குது, பின்பக்க எடையில கொஞ்சத்த தூக்கி முன்னாடி போடும். அதுக்காக எப்பவும் சாமான் இல்லாம ஓடற வண்டிக்கு தடிச்ச ஸ்பிரிங் போடாதீங்க, கல்லு கல்லா துள்ளும், டயர் தரைய பிடிக்காது.

இனி உயரம் ஏறினதால கெட்டுப் போறது எல்லாம். முன்னாடி முழு ஆக்ஸில் இருக்கற வண்டிய வெச்சு சொல்றேன். ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸில சேசிஸோட இணைக்கற நீள கை) வகையில ஆர்ம் கீழ சாயும்போது ஆக்ஸிலும் கூடவே சுத்தும், 900 மிமீ ஆர்ம்ல 50 மிமீ ஏறினா கிட்டத்தட்ட 3 டிகிரி காஸ்டர் (வீல் திரும்பற அச்சு பின்பக்கமா சாய்ஞ்சிருக்கற கோணம்) போயிடும். காஸ்டர் குறைஞ்சா திருப்பின ஸ்டீயரிங் தானா திரும்பி வராது, நேர் ரோட்டுல வண்டி அலையும். ஆஃப்செட் புஷ், ஆர்ம் மவுண்ட்ட இறக்கற பிராக்கெட், புது ஆர்ம் இதுல ஒண்ண வெச்சு காஸ்டர திரும்ப கொண்டு வரலாம். ஆனா ஆக்ஸில சுத்தி காஸ்டர சரி பண்ணும்போது பினியன் மூக்கு (டிஃபரன்ஷியல்ல ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சேர்ற முனை) கீழ பாக்கும், முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மோசமாகும், எப்பவும் நாலு வீல்லயும் சக்தி போற வண்டியில அது அதிர்வா தெரியும். 4 இன்ச்சுல என் வண்டி அதிர்ந்தது இதனாலதான். ரெண்டையும் சேத்து சரி பண்ணணும்னா ஆக்ஸில் முனையில வீல தாங்கற நக்கிள வெட்டி திருப்பி வெல்டு பண்ணணும், அது கை தேர்ந்தவங்க வேலை, லிஃப்ட்ட குறைச்சுக்கறது அத விட புத்திசாலித்தனம்.

ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கற பேன்ஹார்ட் ராடு வேற ஒரு பக்கம். ஒரு முனை சேசிஸ்ல, ஒரு முனை ஆக்ஸில்ல. வண்டி உயர்ந்தா ராடு இன்னும் சாயும், ஆக்ஸில சேசிஸ் மவுண்ட் இருக்கற பக்கமா இழுக்கும். நீளம் மாத்தற ராடு போட்டா ஆக்ஸில் நடுவுக்கு வந்துடும், ஆனா சாய்வு அப்படியேதான் இருக்கும். டிராக் லிங்க்கும் (ஸ்டீயரிங் பாக்ஸ்ல இருந்து வீல திருப்ப போற கம்பி) பேன்ஹார்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும், இல்லன்னா ஒவ்வொரு குழியிலயும் ஸ்டீயரிங் தானா வெட்டும். அதனால டிராக் லிங்க்க ஆட்டற பிட்மேன் ஆர்ம மட்டும் இறக்காதீங்க, பேன்ஹார்ட் மவுண்ட்டையும் சேத்து இறக்குங்க, ரெண்டையும் தொடாம விட்டாலும் பரவாயில்ல, ஒண்ண மட்டும் தொட்டா வம்பு.

பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுல ரெண்டு முனையிலயும் ஒத்த கிராஸ் ஜாயிண்ட்டுன்னா ரெண்டு கோணமும் சமமா இருக்கணும், ஒரு டிகிரிக்குள்ள. மேல் முனையில டபுள் ஜாயிண்ட் இருந்தா பினியன் நேரா டிரான்ஸ்ஃபர் கேஸ (முன், பின் ஆக்ஸிலுக்கு சக்திய பிரிக்கற பெட்டி) பாக்கணும், லீஃப் ஸ்பிரிங் வண்டின்னா ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது மூக்கு மேல தூக்கும்ங்கறதால 1, 2 டிகிரி கீழ விட்டு வைக்கணும்.

முன்னாடி தனித்தனி சஸ்பென்ஷன் இருக்கற வண்டின்னா 2 இன்ச்சோட நிறுத்திக்கங்க, அதுக்கு மேல போனா டிரைவ் ஷாஃப்ட்டோட சிவி ஜாயிண்ட் (வளைஞ்சபடியே சுத்தற மூட்டு) கோணம் ரொம்ப ஆகி அதோட ரப்பர் பூட் கிழியும், மேல் பால் ஜாயிண்ட் எல்லையில நிக்கும். ஸ்ட்ரட்டுக்கு மேல வைக்கற ஸ்பேசர் 1 இன்ச் தடிமன்னா லிஃப்ட் அதுக்கு மேலயே, பல வண்டியில கிட்டத்தட்ட 2 இன்ச் வரும், கட்டைய வாங்கும்போது இத மறந்துடாதீங்க. லீஃப் வண்டியில ஷேக்கிள (ஸ்பிரிங் முனைய சேசிஸோட சேக்கற தகடு) நீட்டினா நீட்டினதுல பாதிதான் லிஃப்ட். முன் ஆக்ஸில்ல ஸ்பிரிங்குக்கு அடியில பிளாக் வைக்கவே வேண்டாம், பின்னாடி வெச்சாலும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, ஸ்பிரிங்க ஆக்ஸிலோட கட்டற யூ போல்ட் எப்பவும் புதுசு.

பிரேக் பத்தி ஒண்ணு, இத நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. சில வண்டியில பின் ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு சின்ன கம்பி போய் வால்வோட சேந்திருக்கும், வண்டியில சாமான் எவ்வளவு இருக்குன்னு உயரத்த வெச்சு பாத்து பின் பிரேக் அழுத்தத்த மாத்தும். லிஃப்ட் போட்டா வண்டி எப்பவும் காலியா இருக்குன்னு அது நினைச்சுக்கும், பின் பிரேக் குறைஞ்சு போயிடும். எத்தனை மிமீ ஏறுதோ அதுக்கு ஏத்த மாதிரி அந்த கம்பி மவுண்ட்ட நகத்தணும்.

கவிழறது. வீல் அகலத்த எடை மையத்தோட உயரத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா வர்ற எண்தான் நிலைப்பு அளவு. அகலம் 1500, உயரம் 700ன்னா 1.07, கணக்குப்படி 47 டிகிரி பக்கச் சரிவு வரைக்கும். உயரம் 760 ஆனா 0.99, கிட்டத்தட்ட 44.6 டிகிரி. நிஜத்துல ஸ்பிரிங்கும் டயரும் சாயறதால இதுக்கு ரொம்ப முன்னாடியே கவிழும். ஆஃப்செட் குறைஞ்ச ரிம் போட்டு பக்கத்துக்கு 15 மிமீ வெளிய தள்ளினா 1.01க்கு திரும்பும், ஆனா பேரிங்குக்கு பாரம் கூடும், உரசற இடமும் மாறும், அதனால ரிம்ம முன்னாடியே தீர்மானிச்சு அந்த ரிம்மோடவே உரசல் சோதனைய பண்ணுங்க. ரூஃப் மேல சாமான் கட்டற பழக்கம் இருந்தா அத விடுங்க.

735ல இருந்து 803க்கு போனா டயர் சுத்து 9 சதவீதம் கூடுது, மீட்டர் 100 காட்டும்போது நிஜமா 109ல போறீங்க. 4.09 டிஃபரன்ஷியல் கியர் ரேஷியோ இருந்த வண்டிக்கு பழைய இழுப்பு வேணும்னா 4.46 பக்கம் வேணும், மாத்தினா முன்னாடியும் பின்னாடியும் ஒரே ரேஷியோ. உங்க ஊர் சட்டம் எவ்வளவு உயரத்த அனுமதிக்குது, இன்சூரன்ஸ் ஒத்துக்குமாங்கறத சாமான் வாங்கறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க.

மாட்டும்போது ஆர்ம் போல்ட் எதையும் வண்டி தூக்கில இருக்கும்போது முழுசா இறுக்காதீங்க. ரப்பர் புஷ் இறுக்கின நிலையத்தான் தன் இயல்பு நிலையா எடுத்துக்கும், தொங்கும்போது இறுக்கிட்டு கீழ இறக்கினா எப்பவும் முறுக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுடும். டயர்ல நிக்க வெச்சு, ரெண்டு மூணு தடவை முன்னும் பின்னும் ஓட்டிட்டு, அப்புறம் டார்க் ரெஞ்சால இறுக்குங்க. அலைன்மெண்ட் பாத்து காஸ்டர் எண்ண காகிதத்துல வாங்கி வைங்க, ஹெட்லைட்ட கீழ இறக்குங்க, 500 கிமீ ஓடினதும் எல்லா போல்ட்டையும், முக்கியமா யூ போல்ட்ட, திரும்ப பிடிங்க. அப்புறம் முதல் நாள் எழுதின அதே நாலு மூலை அளவ திரும்ப எடுங்க, புது ஸ்பிரிங் முதல் சில வாரத்துல கொஞ்சம் உக்காரும், ஒரு மூலை மட்டும் மத்ததோட சேராம 10 மிமீக்கு மேல வித்தியாசமா இருந்தா அந்த காயில் இருக்கையில சரியா உக்காரலன்னு எடுத்துக்கிட்டு முதல்ல அங்க டார்ச் அடிச்சு பாருங்க.