மலையகத்திலிருந்து கொழும்பு சேனலுக்குச் செய்தி அனுப்புவது எப்படி

பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீற்றர் உயரத்தில், அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. இலங்கையிலேயே உயரமான இடம் நம் மலையகத்தினுடையதுதான். ஆனால் அந்தக் கோபுரம் கொழும்பு பேசுவதை இங்கே கொண்டு வருகிறதே தவிர, இங்கே நடப்பதை அங்கே கொண்டு போவதில்லை. அந்த வேலையைச் செய்வது ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று ஆங்காங்கே ஒரு போன், ஒரு பவர்பேங்க், ஒரு மழைக்கோட்டோடு திரிகிற பிராந்திய செய்தியாளர்கள்தான். அந்த வேலைக்கு வர நினைக்கிற தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கமரா வாங்குவது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஓரளவு நல்ல போன் இருந்தால் ஆரம்பிக்கப் போதும்.

முதலில் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்ச் சேனலான சக்தியும் சிங்களச் சேனலான சிரசவும் ஒரே குழுமம், செய்திக்கு நியூஸ்ஃபெஸ்ட் என்ற ஒரே பிரிவு. வசந்தம் இன்னொரு அரச சேனலான ஐ.டி.என். வீட்டுப் பிள்ளை, நேத்ரா ரூபவாஹினி வீட்டுப் பிள்ளை. இது ஏன் முக்கியம் என்றால், தமிழ்ச் செய்திக்கென்று நீங்கள் அனுப்புகிற விஷுவல் அதே வீட்டின் சிங்களச் செய்தியிலும் போகலாம். அங்கே உட்கார்ந்து எடிட் பண்ணுகிறவருக்கு நீங்கள் எழுதிய தமிழ்க் குறிப்பு புரியாமல் போகலாம். அதனால் இடத்தின் பெயர், பேசுகிறவரின் பெயர், அவர் யார் என்ற மூன்றையும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் உங்கள் ஊர்ச் செய்தி இரண்டு மொழியிலும் போகும்.

சேர்வதற்கு நேரடியாகக் கொழும்புக்குப் போன் பண்ணுவதைவிட, அந்தச் சேனலுக்கு ஏற்கெனவே உங்கள் மாவட்டத்தில் வேலை செய்கிறவரைப் பிடிப்பது நல்லது. அவரால் எல்லா இடத்துக்கும் போக முடியாது. ஹட்டனில் இருக்கிறவருக்கு மஸ்கெலியாவின் மேல்பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததை எடுக்கப் போய்வர அரை நாள் ஆகும். நீங்கள் அந்தப் பக்கம் இருந்தால் அவருக்கும் உதவி. நான்கைந்து செய்தி ஒழுங்காகக் கொடுத்தால் டெஸ்க்கில், அதாவது கொழும்பில் செய்தியைத் தொகுக்கிறவர்களிடம், உங்கள் பெயரைச் சொல்லி வைப்பார். சிலர் சொல்ல மாட்டார்கள், அதுவும் நடக்கும். அப்போது நேரடியாகவே செய்தி ஆசிரியருக்கு எழுதுங்கள்.

"மலையகத்தில்" என்று தொடங்காதீர்கள்

கொழும்பு டெஸ்க்குக்கு மலையகம் என்றால் மூன்றே செய்திதான்: மண்சரிவு, சம்பளம், கோயில் திருவிழா. நான்காவதாக ஒன்று அனுப்பினால் அதையும் இழுத்து இந்த மூன்றில் ஒன்றுக்குள் போட்டுவிடுவார்கள். இதற்கு ஒரே மருந்து விபரம். உதாரணத்துக்கு, "மலையகத்தில் குடிநீர்ப் பிரச்சினையால் தோட்ட மக்கள் அவதி" என்று அனுப்பினால், மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த விஷுவலைப் போட்டு பத்து செக்கனில் முடித்துவிடலாம். "பொகவந்தலாவையில் இன்ன தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், பீலிக்குத் தண்ணீர் வரும் குழாய் மண் இறங்கி உடைந்து இன்றோடு ஒன்பது நாள், அறுபது குடும்பம், ஒரே ஊற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள்" என்று எழுதினால் அதைச் சுருக்க டெஸ்க்குக்கு மனசு வராது. வந்தாலும், எதை வெட்டுவது என்று கொஞ்ச நேரமாவது யோசிப்பார்கள்.

எனவே குறிப்பில் முதலில் இருக்க வேண்டியது முழு விலாசம். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு). நம்மிடையே ஒரே தோட்டத்துக்கு ஆபீஸில் ஒரு பெயரும் சனங்கள் வாயில் ஒரு பெயரும் இருப்பது சாதாரணம், இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்தது, பொறுப்பு யாருடையது. பாதை உடைந்த செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள், நம் பக்கம் வாரம் ஒன்று கிடைக்கும். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் போகிற ஏ7 என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. அதிலிருந்து பிரிகிற பாதை மாகாணத்துடையதாக இருக்கலாம், பிரதேச சபையுடையதாக இருக்கலாம், தோட்டத்துக்குள் போய்விட்டால் கம்பனி நிர்வாகத்துடையதாக இருக்கலாம். ஒரே பாதையில் பாலம் வரைக்கும் ஒருவர், பாலத்துக்கு அப்பால் இன்னொருவர் என்றும் இருக்கும். தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கச் சட்டத்திலேயே தடை இருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். அதே காலத்தில்தான் நுவரெலியா மாவட்டத்தில் கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதுப் பிரதேச சபைகளும் வந்தன. ஆகவே "அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை" என்று எழுதுவது சோம்பல். எந்த அதிகாரி? பிரதேச சபைக்குப் போய், இந்தப் பாதை உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் அந்தப் பதில்தான் செய்தி. வாய்மொழியாகச் சொல்ல மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள், தமிழிலேயே போடலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அன்றைய செய்திக்கு உதவாது, அடுத்த மாதம் ஒரு பெரிய செய்திக்கு உதவும்.

தோட்டத் தொழிலாளர் சம்பளச் செய்திக்கும் இதே கதைதான். 1,700 ரூபா என்று மேடையில் பேசிய தொகைக்கும், 2024 செப்டெம்பரில் நாட்சம்பளமாக வர்த்தமானியில் வந்த 1,350க்கும் நடுவில் இருந்த 350தான் அந்த வருஷம் முழுக்க நடந்த சண்டை. ஒருவர் எண்ணைச் சொன்னால், அது அடிப்படைச் சம்பளமா, கொடுப்பனவா, எத்தனை கிலோ எடுத்தால் கிடைக்கும் என்று அங்கேயே கேளுங்கள். முடிந்தால் சம்பளத் துண்டைப் படம் எடுங்கள், பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டு.

எடுக்கும்போது

போனைப் படுக்கையாகப் பிடியுங்கள். இதை இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே வருத்தம்தான். ஒரு ஷொட்டைப் பத்து செக்கனாவது அசையாமல் வையுங்கள், அங்குமிங்கும் ஓட்டாதீர்கள். தூரத்திலிருந்து இடம் தெரிய ஒன்று, ஆட்களோடு ஒன்று, கிட்டே போய் ஒன்று. கிட்டே என்றால் உண்மையிலேயே கிட்டே: கொழுந்து நிறுக்கிற தராசின் இலக்கம், அதைக் கணக்கப்பிள்ளை கொப்பியில் எழுதுகிற எண், இரண்டும் ஒரே ஷொட்டில் வந்தால் வேறு விளக்கமே தேவையில்லை. சிரித்துக்கொண்டு கொழுந்து பறிக்கிற அக்காமாரின் விஷுவல் கொழும்பில் மலை மலையாகக் கிடக்கிறது, தயவுசெய்து இன்னொன்று அனுப்ப வேண்டாம்.

நம் பக்கம் பகல் இரண்டு மணிக்குப் பிறகு மிஸ்ட் இறங்கினால் எதிர் மலையும் தெரியாது, சரிந்த இடமும் தெரியாது. தூரத்து ஷொட்டைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை பக்கம் மழைக்காலம். வருஷக் கடைசியில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கம். போனுக்கு ஒரு பொலித்தீன் பை, லென்ஸ் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி. குளிரில் நின்றுவிட்டு அடுப்பு எரிகிற லயத்து வீட்டுக்குள் நுழைந்தால் லென்ஸில் நீராவி படியும். உள்ளே போய்க் கொஞ்சம் பேசிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, துடைத்துவிட்டு எடுங்கள். பேசவும் நேரம் கிடைக்கும்.

வொய்ஸ் கட், அதாவது ஒருவர் பேசுவதை, எடுக்கும்போது பெரிய எதிரி தகரக் கூரை. மழை விழ ஆரம்பித்தால் என்ன பேசினாலும் கேட்காது. காலரில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், கமராவுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான். இல்லாவிட்டால் இரண்டாவது போனில் குரலைப் பதிவு செய்து, பேசுகிறவர் மடியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும். "இந்தப் பிரச்சினை குறித்து உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் அந்த அம்மாவும் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவார், "நாங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளோம்" என்று. "அக்கா, இன்னைக்குக் காலைல தண்ணி எங்க போய் எடுத்தீங்க?" என்று கேளுங்கள். எங்கே போனார், எத்தனை மணிக்கு எழும்பினார், எந்த இடத்தில் சறுக்கி விழுந்தார், பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, பிந்திப் போனதால் என்ன ஏச்சு வாங்கினார் என்று எல்லாம் தானாக வரும். இடையில் நிறுத்தாதீர்கள். தலைவர்மாரை எடுக்கிறீர்கள் என்றால் மட்டும் நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மெமரி கார்ட் நிரம்பிவிடும்.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள்: கொழும்புக்காரர் எடுத்துவிட்டுப் போய்விடுவார், நீங்கள் நாளைக்கும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். பேசுகிற அக்கா நாளைக் காலை பிரட்டில் நிற்க வேண்டும். முகத்தைக் காட்டலாமா என்று எடுப்பதற்கு முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் பின்பக்கமிருந்து எடுங்கள், அந்த லயத்து இலக்கமும் படத்தில் விழக் கூடாது. பிள்ளைகளின் முகம், தற்கொலை நடந்த வீடு இவற்றுக்கு டெஸ்க் கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள்.

தோட்ட நிர்வாகத்தின் பதில் இல்லாமல் செய்தியை அனுப்பாதீர்கள். துரை, அதாவது தோட்ட முகாமையாளர், பெரும்பாலும் கமராவில் பேச மாட்டார், கம்பனி விடாது என்பார். சரி, எத்தனை மணிக்குக் கேட்டீர்கள், என்ன சொன்னார் என்று குறித்து அதையே எழுதுங்கள். பொலிஸும் அப்படித்தான், பொறுப்பதிகாரி விபரம் சொல்வார், கமராவுக்கு முன் வரமாட்டார்.

மண்சரிவு நாளில்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது, முதல் நாள் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. காலையில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள், வேலைக்குப் போனவர்கள் என்று பலர் லயத்தில் இருக்கவில்லை. பிறகு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அப்படியான நாளில் டெஸ்க்கில் இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போன் வரும், "எத்தனை பேர்?" என்று. தெரியாத எண்ணைச் சொல்லாதீர்கள். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு, இவர்களில் யார், எத்தனை மணிக்குச் சொன்ன எண் என்று சேர்த்தே சொல்லுங்கள். "அயலவர்கள் சொல்கிறார்கள்" என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வரும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். "நுவரெலியா மாவட்டத்துக்கு எச்சரிக்கை" என்று மட்டும் சொன்னால் யாரும் எழும்ப மாட்டார்கள், எந்தப் பிரிவுக்கு எந்த நிறம் என்று சொன்னால்தான் சனம் மூட்டையைக் கட்டும். 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்தையும் ஒவ்வொரு முறையும் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்களும் சரிந்த இடத்துக்குக் கீழே நின்று எடுக்காதீர்கள். ஒரு தரம் இறங்கிய மலை மறுபடியும் இறங்கும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல இடங்களில் கரண்ட், போன், பாதை மூன்றும் ஒன்றாகப் போயின. அப்படியான நாளுக்கு இப்போதே தயாராக இருங்கள்: முழுதாக சார்ஜ் ஏற்றிய இரண்டு பவர்பேங்க், இரண்டு கம்பனி சிம், எந்த மேட்டில் ஏறினால் எந்த சிம்முக்கு சிக்னல் வரும் என்ற கணக்கு. சிக்னல் கொஞ்சம்தான் இருந்தால் முதலில் எழுத்தை அனுப்புங்கள், அப்புறம் வொய்ஸ் கட், அப்புறம் இருபது செக்கன் விஷுவல் ஒன்று, மீதி எல்லாம் டவுனுக்கு வந்த பிறகு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டொக்யூமெண்டாக அனுப்புங்கள். இரவுப் பிரதான செய்திக்குப் போக வேண்டுமென்றால் மாலை ஐந்துக்கு முன் கொழும்பில் இருக்க வேண்டும். ஆறு மணிக்கு வருவதை அவசரத்தில் தப்பாக வெட்டிப் போடுவார்கள்.

காசு விஷயம்

பெரும்பாலான பிராந்திய செய்தியாளர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒளிபரப்பான செய்திக்குத்தான் காசு. பஸ், ஓட்டோ, டேட்டா எல்லாம் உங்கள் கையிலிருந்து. அதனால் இதை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள். கடை, டியூஷன், ஸ்டூடியோ என்று ஏதோ ஒன்றோடு சேர்த்துச் செய்கிறவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள். சேர்வதற்கு முன்பே ஒரு செய்திக்கு எவ்வளவு, சிங்களச் செய்தியிலும் போனால் அதற்குத் தனியாகவா, எந்தத் தேதியில் கணக்கு முடிப்பார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் போதும். ஊடக அடையாள அட்டைக்கு நிறுவனத்தின் சிபாரிசோடு அரசாங்கத் தகவல் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அட்டை இல்லாமல் பொலிஸ் தடை போட்ட இடத்துக்குள் போவது கஷ்டம்.

அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் தேதி, இடம், என்ன என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள், ஒளிபரப்பானதும் பக்கத்தில் ஒரு சரி போட்டு டிவியைப் படம் பிடித்து வையுங்கள். மாதக் கடைசியில் கொழும்புக் கணக்கும் உங்கள் கணக்கும் ஒத்துப் போகாது. அப்போது அந்தக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.