நடுவர் தேர்வுக்கு விலங்கோவியம் அனுப்புவது எப்படி: முதன்முறை அனுப்புவோருக்கான செய்முறை விளக்கம்

வந்த படைப்புகளை எல்லாம் மாட்டிவிடாமல், நடுவர் குழு தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் காட்சிக்கு வைக்கும் கண்காட்சிகளில், விலங்குகளுக்கென்றே நடப்பவை சில உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வாசா நகரிலுள்ள லீ யாக்கி உட்சன் கலை அருங்காட்சியகம் 1976 முதல் நடத்திவரும் ‘பேர்ட்ஸ் இன் ஆர்ட்’ பறவைகளுக்கானது. 1960-இல் தொடங்கப்பட்ட ‘சொசைட்டி ஆஃப் அனிமல் ஆர்டிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் ஆண்டுதோறும் ‘ஆர்ட் அண்ட் தி அனிமல்’ என்ற கண்காட்சியை நடத்துகிறது. இவற்றைப் போன்ற பெரிய கண்காட்சிக்கோ, சிறிய கலைச் சங்கம் ஒன்று விலங்குகளைப் பொருளாக வைத்து நடத்தும் கண்காட்சிக்கோ முதன்முறையாகப் படைப்பு அனுப்ப எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் நடுவர்கள் பெரும்பாலும் உங்கள் ஓவியத்தைப் பார்ப்பதில்லை. திரையில் சில நொடிகள் தோன்றி மறையும் அதன் புகைப்படத்தையே பார்க்கிறார்கள். பின்வரும் படிகள் பலவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

படி 1: அறிவிப்பை இருமுறை படியுங்கள்

தூரிகையைத் தொடும் முன் கண்காட்சி அறிவிப்பை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். யார் விண்ணப்பிக்கலாம், எந்த ஊடகங்கள் ஏற்கப்படும், அளவு ஃபிரேமைச் சேர்த்தா சேர்க்காமலா, படைப்பு எத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், பிறர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது செல்லுமா என்பவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் போட்டிகளும் உணர்ச்சி வெளிப்பாட்டைத் தேடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அரசின் வாத்து முத்திரைக்கான (நீர்ப்பறவை வேட்டையாடுவோர் வாங்கவேண்டிய வில்லைக்கான) ஓவியப் போட்டி 1949 முதல் நடந்துவருகிறது. அங்கே 10 அங்குல அகலம், 7 அங்குல உயரம் என்ற அளவுக்குள், பறவையின் இறகு அமைப்பில் பிழையே இல்லாத ஓவியத்தை எதிர்பார்க்கிறார்கள். நடுவர்கள் புகைப்படத்தை அல்லாமல் மூல ஓவியத்தையே கண்முன் வைத்துத் தீர்ப்பளிக்கிறார்கள். அந்நாட்டுக் குடிமக்களும் அங்கே வசிக்கும் உரிமை பெற்றவர்களுமே பங்கேற்க முடியும். நெருப்பு வண்ணத்தில் அலறும் வாத்தை அங்கே அனுப்புவது கட்டணத்தை வீணாக்குவதாகும். அதே வாத்துக்கு வேறொரு கூடத்தில் முதல் வரிசையில் இடம் கிடைக்கலாம்.

படி 2: விலங்கின் எதிரே உட்காருங்கள்

இந்தப் படியைத்தான் புதியவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள். நானோ அதிக நாட்களை இதற்கே கொடுக்கச் சொல்வேன். இணையத்திலிருந்து ஒரு சிங்கத்தின் படத்தை எடுத்து வரைந்தால், அதே படத்தை வரைந்த பத்துப் பேருடன் நீங்களும் வரிசையில் நிற்பீர்கள். தெருமுனை ஆட்டை ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து வரைந்தவர் அப்படி நிற்க வேண்டியதில்லை.

ஆட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் கண்மணி வட்டமானதன்று. குறுக்காகக் கிடக்கும் நீள்செவ்வகம். ஆடு தலையைத் தாழ்த்தி மேயும்போதும் கண் உள்ளே சுழன்றுகொடுப்பதால், அந்தச் செவ்வகம் ஏறத்தாழ தரைக்கு இணையாகவே நிற்கும். நிமிர்ந்து நிற்கும் ஆட்டின் கண்ணை அப்படியே பெயர்த்து மேயும் ஆட்டின் முகத்தில் பொருத்தினால், கண்மணி செங்குத்தாகச் சாய்ந்துபோகும். என்ன தவறு என்று சொல்லத் தெரியாதவருக்கும் அந்த முகம் உயிரற்றதாகத் தோன்றும். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1502-இல் வரைந்த முயலின் கண்ணில் ஒரு சன்னலின் குறுக்குச் சட்டம்கூட ஒளியாகத் தெரிகிறது. முயலின் அகவுணர்வை அவர் எங்கும் தனியாகச் சேர்க்கவில்லை; கூர்ந்து பார்த்ததை வரைந்ததிலேயே அதன் விழிப்பு வந்துவிட்டது.

சிறிய நோட்டுப்புத்தகத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல், பென்சிலாலோ கரித்துண்டாலோ ஐம்பது ஸ்கெட்சுகள் போடுங்கள். விலங்கு அசைந்துவிட்டால் அடுத்ததைத் தொடங்குங்கள். மாமல்லபுரத்துக்கு அருகில் இருப்பவர்கள், அர்ச்சுனன் தபசுப் பாறையில் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானின் முன் அரைமணி நேரம் நின்றாலும் நல்ல பயிற்சிதான். கல்லில் இருப்பதால் அது ஓடிவிடாது.

படி 3: உணர்ச்சியை உடம்பில் தேடுங்கள்

உணர்ச்சி என்றதும் மாட்டின் கண்ணில் கண்ணீரும் நாயின் வாயில் புன்னகையும் வைக்கத் தோன்றும். அவை மனித முகத்தின் மொழி. நாய் வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிடுவது பெரும்பாலும் வெப்பத்தைத் தணிக்கவே. அதன் அச்சம் கால்களுக்கிடையே ஒடுங்கிய வாலிலும், பின்னோக்கி ஒட்டிய காதுகளிலும், கடைக்கண்ணில் தெரியும் வெள்ளையிலும் இருக்கிறது. யானை மிரளும்போது காதுகளை விரித்து நிறுத்தும். அந்தந்த விலங்கு தன் உடம்பால் எதைச் சொல்கிறதோ அதைப் பிடித்தால் போதும்.

அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் மிகைப்படுத்தலாம். ஜெர்மானிய ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் 1911-இல் குதிரையை நீல நிறத்தில் தீட்டினார். அது இன்றும் மியூனிக் நகரின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த நீலக் குதிரைக்கு முந்தைய ஆண்டுகளில் அவர் விலங்குகளின் உடற்கூற்றை ஆழ்ந்து பயின்றதோடு, பிறருக்கு அதைக் கற்பித்தும் வந்தார். நீலம் நம்பும்படி இருப்பதற்குக் காரணம் அந்தக் கழுத்தும் கால்களும் குதிரையினுடையவையாக இருப்பதுதான்.

உங்கள் ஐம்பது ஸ்கெட்சுகளில் ஒன்றைத் தேர்ந்து, தீப்பெட்டி அளவில் கருப்பு, சாம்பல், வெள்ளை ஆகிய மூன்றே தொனிகளில் ஆறு ஏழு விதமாக வரைந்து பாருங்கள். அந்த அளவிலும் விலங்கின் நிலை புரிகிறதா என்பதே கேள்வி. புரியாவிட்டால் நுண்மயிர்களை எத்தனை வாரம் இழைத்தாலும் திரையில் அது எடுபடாது.

படி 4: தீட்டுங்கள், ஆனால் வார்னிஷ் பூசாதீர்கள்

அக்ரிலிக், வாட்டர்கலர், பேஸ்டல் என உங்கள் கைக்குப் பழகிய ஊடகத்திலேயே தீட்டுங்கள். புதிய ஊடகத்தைப் பழக இது நேரமன்று. பெரிய தொனிகளை முதலில் நிறுத்தி, கண்ணையும் காதோரத்தையும் கடைசியில் கூர்மையாக்குங்கள். பளபளக்கும் வார்னிஷைப் புகைப்படம் எடுத்த பிறகே பூச வேண்டும்.

படி 5: புகைப்படம் எடுங்கள்

என் முதல் விண்ணப்பம் இங்கேதான் தோற்றது. வெள்ளாட்டுக்குட்டி ஒன்றை மூன்று வாரம் தீட்டிவிட்டு, இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் செல்பேசியால் படமெடுத்து அனுப்பினேன். குட்டி பச்சையாகவும், கேன்வாஸின் மேற்பகுதி கீழ்ப்பகுதியை விடக் குறுகலாகவும் பதிவாகியிருந்ததை நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகே கவனித்தேன்.

மேகமூட்டமான பகலில், நேர்வெயில் படாத வாசலிலோ மாடியிலோ ஓவியத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கேமராவின் லென்ஸ் ஓவியத்தின் நடுப்புள்ளிக்கு நேராக, அதே உயரத்தில் இருக்கட்டும். அருகில் போய் எடுத்தால் விளிம்புகள் வளையுமென்பதால், சற்றுத் தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்யுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். வீட்டுக்குள் எடுப்பதானால் ஒரே வகையான இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 பாகைக் கோணத்தில் வைத்து, மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஓவியத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி எடுத்தால், பின்னர் கணினியில் நிறத்தைச் சரிசெய்ய அது அளவுகோலாகும். சரிசெய்வதென்றால் மூல ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்கு ஒப்பாக்குவது மட்டுமே, அழகுபடுத்தக் கூடாது. ஓவியத்தை நேரில் பார்த்து, படத்தோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும் உரிமையைப் பல கண்காட்சிகள் தங்களிடமே வைத்துக்கொள்கின்றன.

ஃபிரேம், சுவர், நிழல் ஆகியவற்றை வெட்டி நீக்கி, அறிவிப்பில் கேட்ட அளவில் ஜேபெக் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு அதைச் செல்பேசியில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள்.

படி 6: விண்ணப்பத்தை நிரப்புங்கள்

தலைப்பு சுருக்கமாக இருக்கட்டும்; படத்தில் தெரிவதையே தலைப்பு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. குறிப்புரை கேட்டிருந்தால் எந்த விலங்கை, எங்கே, எந்த நிலையில் பார்த்தீர்கள் என்பதை மூன்று நான்கு வாக்கியங்களில் எழுதுங்கள். சிறுவயது முதல் விலங்குகளை நேசித்த கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். விற்பனை விலையைக் குறிக்கும்போது, கூடம் எடுத்துக்கொள்ளும் பங்கையும் ஃபிரேம், அனுப்புதல் செலவுகளையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. வெளிநாட்டுக் கண்காட்சியாயின் இறுதி நாள் அந்நாட்டு நேரப்படி என்பதையும் கவனியுங்கள்.

படி 7: தேர்வான பிறகு

தேர்வாகாவிட்டால் அந்த ஓவியம் தீர்ந்துபோனதாகக் கொள்ள வேண்டாம். பல கண்காட்சிகளில் நடுவர்கள் ஆண்டுதோறும் மாறுவதால், அதே படைப்பு வேறோர் இடத்தில் ஏற்கப்படுவது வழக்கமாக நடப்பதுதான்.

தேர்வானால் வேலை அவசரமாகும். கூரியரில் வரும் ஓவியங்களுக்குக் கண்ணாடியைப் பல கூடங்கள் மறுப்பதால் அக்ரிலிக் எனும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு போடுங்கள். பின்புறம் இரு வளையங்களைத் திருகிப் பொருத்தி உறுதியான கம்பி கட்டுங்கள்; பல்வரிசைக் கொக்கியை ஏற்கமாட்டார்கள். பெயர், தலைப்பு, ஊடகம், அளவு ஆகியவை கொண்ட சீட்டையும் பின்புறமே ஒட்டுங்கள். பெட்டியின் மூடியை ஆணி அடிக்காமல் திருகால் பொருத்துங்கள். விற்காத ஓவியம் அதே பெட்டியில்தான் திரும்பி வரும். அதைக் கட்டப்போவது உங்களை அறியாத ஒருவர் என்பதால், எந்தப் பஞ்சுப்பலகை எங்கே போக வேண்டும் என்பதைப் படமாக வரைந்து மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.