வளர்ந்த அஸ்பாரகஸ் பாத்தி: பச்சைத் தழையை வெட்டாதீர்கள்

அஸ்பாரகஸ், இளங்குருத்தைச் சமைத்துச் சாப்பிடும் பல்லாண்டுச் செடி. நட்டு மூன்று வருடம் தாண்டிய பாத்திக்குத்தான் இந்தக் குறிப்பு. நடவு வேலையை விட்டுவிட்டு நேராகப் பராமரிப்புக்கு வருகிறேன்.

1. குருத்து தலைகாட்டும் முன்பே களையைக் கையால் பிடுங்கிவிடுங்கள். களைக்கொத்து வேண்டவே வேண்டாம். வேர்க்கட்டு, அதாவது மண்ணுக்குள் வேரும் மொட்டும் சேர்ந்த அடிப்பகுதி, வருடா வருடம் கொஞ்சம் மேலேறி வரும். ஒரு கொத்து பட்டாலும் மொட்டு போய்விடும். களையைக் கொல்ல உப்புத் தூவும் பழைய வழக்கமும் உண்டு. அஸ்பாரகஸ் உப்பைத் தாங்கும், மண் தாங்காது. பிடுங்கியபின் இரண்டு விரல் கனத்துக்கு மட்கிய உரம், அதன்மேல் வைக்கோல் மூடாக்கு.

2. குருத்து ஒரு சாண் உயரம் வந்ததும், நுனி இறுக்கமாக மூடியிருக்கும்போதே எடுங்கள். நான் கையால்தான் ஒடிப்பேன். கத்தியை மண்ணுக்குள் விட்டால் பக்கத்தில் கிளம்பும் குருத்தும் சேர்ந்து அறுபடும்.

3. ஆறு முதல் எட்டு வாரத்தில் அறுவடையை நிறுத்துங்கள். அதற்கு முன்பே பெரும்பாலான குருத்துகள் பென்சிலைவிட மெலிந்துவிட்டால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தியதும் இன்னொரு முறை உரம் வையுங்கள்.

4. மிச்சக் குருத்துகளை வளரவிடுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். ஆள் உயரத்துக்குத் தழை வளர்ந்து சாய்ந்து பாதையை மறைத்தது. அறுவடைதான் முடிந்துவிட்டதே என்று பச்சையாக இருக்கும்போதே அடியோடு வெட்டிவிட்டேன். அடுத்த வருடம் வந்ததெல்லாம் ஈர்க்குச்சி போலக் குருத்துகள். அந்த மெல்லிய தழைதான் வெயிலில் உணவு தயாரித்து வேரில் சேர்த்து வைக்கிறது; அடுத்த வருடக் குருத்து அந்தச் சேமிப்பிலிருந்துதான் வருகிறது. பாத்தி பழையபடி தேற இரண்டு வருடம் ஆனது.

இப்போது நான்கு மூலையிலும் கம்பு நட்டு, சுற்றிக் கயிறு கட்டிவிடுகிறேன். மழை இல்லாத வாரங்களில் வேர்வரை நனைய நன்றாகத் தண்ணீர் விடுவேன். தழை முழுக்கப் பழுத்துக் காய்ந்தபிறகே கத்தரிக்கோல். இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டி, காய்ந்ததை அப்புறப்படுத்துங்கள். அஸ்பாரகஸ் வண்டு அதற்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். குருத்தில் கருப்பாகச் சின்னச் சின்ன முட்டைகள் நட்டுக்கொண்டு நின்றால் அந்த வண்டுடையவைதான். விரலால் வழித்துவிட்டால் போதும்.

பின்சேர்க்கை: சிவப்புக் காய்கள் வருகிறதே, நோயா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நோய் இல்லை, அது பெண் செடி. காய்களைச் சாப்பிடக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பறித்துவிடுங்கள். உதிர்ந்தால் பாத்தி முழுக்க நாற்று முளைத்து அதுவே களையாகிவிடும்.

இன்னொரு கேள்வி: குளிரே இல்லாத ஊரில் தழை காயவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது? வறண்ட பருவத்தில் தண்ணீரை நிறுத்திப் பாருங்கள். தழை மெல்லப் பழுத்துச் செடி ஓய்வுக்குப் போகும். அப்புறம் வெட்டித் தண்ணீர் விட்டால் புதுக் குருத்து கிளம்பும்.